வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அண்ணனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ‘தம்பி.’ வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தவர். தலையில் பட்ட அடியில் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்தன. ஊருக்கு அனுப்பி வைத்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. என்னோடும் என் மனைவியோடும்தான் இருந்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும் தம்பி, கரண்ட் போனாலும் தம்பி, என் மனைவி சோறு கொண்டுபோய் வைத்தாலும் தம்பி.

அன்னவாசலைத் தாண்டி, சாலையோரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. முன் அறையை நான் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தேன். கோயில் திருவிழாப் பாட்டு, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம், பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு இசை, இவைதான் என் தொழில். நடைக்கு இந்தப் பக்கம் ஸ்டுடியோ, அந்தப் பக்கம் அண்ணன் அறை. யாராவது கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ‘தம்பி’ என்று வரும். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். மூன்றாவது தடவையும் வந்தால் பாடுகிறவர் முகம் மாறிவிடும். இரண்டு மூன்று பேர் சொல்லாமலேயே திருச்சிப் பக்கம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் அண்ணனிடம் போய்க் கத்திவிட்டேன். அவர் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பி வந்து கீபோர்டு முன்னால் உட்காருவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆசாரியை வரச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக் கதவுகள் நிறையச் செய்திருந்தாலும் சத்தத்தை அடைக்க என்று ஒரு கதவு செய்ததில்லை. இருந்த பழைய கதவை விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே வெறும் கூடு என்றார். பிறகு உட்கார்ந்து கதவுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுக் காட்டினார்.

“கதவு கனமா இருந்தா மட்டும் பத்தாதுங்க. காத்து போற எடமெல்லாம் சத்தமும் போகும்.”

வேலை பத்து நாள் நடந்தது. பழைய நிலையைப் பெயர்த்துவிட்டு வேங்கையில் தடியாக ஒரு நிலை வைத்தார். கதவுக்கு இரண்டு பக்கமும் கனத்த பிளைவுட் பலகை, உள்பக்கம் ரப்பர் விரிப்பு. நடுவில் சட்டம் அடித்துச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, வெயிலில் காயவைத்துச் சலித்த மணலை அவற்றில் இறுக்கி நிரப்பினார். ஒரே பள்ளமாக விட்டால் மணல் கீழே இறங்கி மேல்பாதி காலியாகிவிடும் என்றார். கீல் ஐந்தும் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் படி வைத்து, அதில் ரப்பர் ஒட்டினார். அந்தப் படியில் அண்ணனின் வாக்கர் ஏறாது என்று எனக்குத் தெரியும். அதுவரை அவர் சில மாலைகளில் நடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். படி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கதவை மாட்டும் முன் ஆசாரி ஒன்று கேட்டார்: “உள்பக்கம் தொறக்கவா, வெளிப்பக்கமாங்க?”

உள்ளே கீபோர்டு ஸ்டாண்டுக்கே இடம் பத்தவில்லை. வெளிப்பக்கம் என்றேன். நான்கு பேர் சேர்ந்து தூக்கி மாட்டினார்கள்.

அன்று மாலை நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காதுக்குள் பஞ்சு வைத்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது நடையில் அண்ணனும் என் மனைவியும் நின்றிருந்தார்கள். கூப்பிட்டாரா என்று கேட்டேன். நாலு தடவை கூப்பிட்டார் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவள் சிரிக்கவில்லை. பகலில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள், வீட்டில் நானும் அவரும்தான். “அவுக கூப்பிட்டா ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டாள்.

அதற்காக ஒரு அழைப்பு மணி வாங்கினேன். பொத்தானைக் கட்டிலில் கட்டிவிட்டேன், அழுத்தினால் ஸ்டுடியோ மேசையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அண்ணன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். பிறகு நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் ஒன்றும் வேண்டியிருக்காது, என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் நான் அந்த விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

கீரனூரிலிருந்து ஒருவர் அம்மன் பாட்டுப் பாட வந்தது அடுத்த வாரம். நல்ல கட்டைக் குரல். காலையிலேயே ஆரம்பித்தோம். ஒரு தடங்கல் இல்லை. தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு பதிவு எனக்கு அமைந்ததே இல்லை. முடிந்ததும் டீ குடிக்கலாம் என்று எழுந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. புது ரப்பர் நிலையோடு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ஆசாரியைத் திட்டினேன். தோளைக் கொடுத்து முட்டினேன். பாட வந்தவரும் என்னோடு சேர்ந்து தள்ளினார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளியதில் நாலு விரல் அளவு திறந்தது.

அந்தச் சந்து வழியாகத்தான் முதலில் குரல் வந்தது. “தம்பி.”

கதவை ஒட்டி விழுந்து கிடந்தார். நாங்கள் தள்ளியது அவர் உடம்பை. அதற்குமேல் தள்ள எனக்குக் கை வரவில்லை. பாட வந்தவர் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் பின்பக்கமாக வந்து, அண்ணனைத் துண்டில் கிடத்தி நகர்த்தினார்கள். அதன் பிறகுதான் நான் வெளியே வர முடிந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். ஆனால் இனி நடப்பது சிரமம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். முதலில் மணியை அழுத்திப் பார்த்தாரா, யாரும் வராததால்தான் எழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. தண்ணீருக்கும் இல்லை, வலிக்கும் இல்லை. அந்த ஒரு சொல்லும் போய்விட்டதா, அல்லது வேண்டாம் என்று விட்டுவிட்டாரா? டாக்டரிடம் கேட்டேன். இரண்டுமே இருக்கலாம் என்றார். என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பியக் கூப்பிடுங்க, இங்கிட்டுதான் இருக்காக” என்று சொல்லிப் பார்ப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆசாரியை மறுபடி வரச் சொன்னேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கீலெல்லாம் நிலைக்குள் பதித்தது, கதவைக் கழற்றினால் நிலையோடு சுவரும் வரும் என்றார். காசு எதுவும் வாங்காமல், கீழே இருந்த படியை மட்டும் உளியால் செதுக்கி எடுத்துவிட்டுப் போனார். இப்போது கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. குவாரி லாரியும் மயில் சத்தமும் பதிவில் விழுகின்றன. வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் கீரனூர்க்காரரின் பாட்டை முடித்துக் கொடுப்பதற்காக அன்றைய பதிவைத் திறந்தேன். இரண்டாவது சரணம் தொடங்கும் முன், பாட்டுக்குக் கீழே ஒரு சத்தம் இருந்தது. ஒரே ஒரு தடவை, தொம்மென்று, எதுவோ விழுந்த மாதிரி. குரலைத் தடுத்த கதவு அதை மட்டும் விட்டிருந்தது. அடுத்து என் குரல்: “லாரி போகுது, பரவால்ல, நீங்க பாடுங்க.” அதிலிருந்து நான் எழுந்து கதவைத் தள்ளுகிற வரை நாற்பத்தோரு நிமிடம். அந்த நாற்பத்தோரு நிமிடத்தையும் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். அண்ணன் குரல் எங்கேயும் இல்லை. பிறகு அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்துவிட்டு, பாட்டை அனுப்பி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே என் மனைவி கேட்டாள். அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை.

“அன்னைக்கி உள்ள ஒண்ணுமே கேக்கலையாங்க?”

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கலை” என்றேன்.