கடைசி முறைத் தண்ணீர்

மடைக்கல்லில் குந்தியபடி கருப்பணன் ஒருமுறை செருமினால், கண்மாயிலுள்ள பத்தாயிரம் நாரைகளும் கழுத்தைத் திருப்பும். இப்படித்தான் திண்டுக்கல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மிகைதான். நான் பார்த்தவரை திரும்பியது ஒன்றே ஒன்று. அதுவும் வேறு எதற்கோ திரும்பியிருக்கலாம்.

நத்தம் சாலையை விட்டு விலகிய சின்னக் கண்மாய் அது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் கருப்பணன் வேலை. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பாதி வார்த்தைகளை விழுங்கித்தான் பேசுவார். அறுபத்திரண்டாம் வருடம் மாசியில், பறவை பார்த்து ஒரு பகலைக் கழிக்கலாமென்று கட்டுச்சோறும் இரவல் பைனாகுலருமாகப் போயிருந்தேன். பைனாகுலரை அவரிடம் நீட்டினேன். கண்ணில் வைத்தவர் உடனே திருப்பித் தந்தார். “இம்புட்டுக் கிட்டத்துல போயி நின்னா அதுகளுக்கு வெக்கமா இருக்காதா?”

தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கூடு கூடாக நத்தைகுத்தி நாரைக் குஞ்சுகள். இறகு முளைத்துவிட்டது, பறக்கத் தெரியாது. கரையில் நாய்கள் படுத்திருந்தன. தண்ணீர் மரத்தடியை விட்டு இறங்கினால் அந்த நாய்கள் அங்கே நடந்தே போய்விடும். காற்றில் விழும் குஞ்சு ஒன்றும் தப்பாது.

ஊரார் வயல்களுக்குத் தண்ணீர் விடும் முறையெல்லாம் முடிந்து, அன்று கடைசி முறை, கருப்பணன் வீட்டு வயலுக்கு. நெல் பால் பிடித்து நின்றது. இந்தத் தண்ணீர் பாயாவிட்டால் பதர்தான். பாய்ந்தால் மரத்தடி தரையாகிவிடும். அவர் மடைப் பலகையைத் தூக்காமல், அதன்மேல் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

உச்சிப்பொழுதில் மனைவி ராமுத்தாய் கஞ்சிச் சட்டியோடு வந்தாள். காய்ந்த வாய்க்காலைப் பார்த்தாள்.

“ஏன், பலகை கனக்குதோ?”

“செத்த பொறு. குஞ்சு பறந்துரட்டும்.”

“அதுக்குள்ள நெல்லு வைக்கோலாயிரும். நாரை வந்தா நமக்கு உலை வைக்கும்?”

அவர் வெங்காயத்தைக் கடித்தார்.

நான் நடுவில் புகுந்தேன். “கோவிச்சுக்காதே ராமுத்தாயி. தன் வயலைக் காயப்போட்டுக் குஞ்சைக் காப்பாத்துறாரு. யாருக்கு வரும் இந்த மனசு?”

“அவரு வயலா?” என்றாள் அவள், என் பக்கம் திரும்பி. “எங்கய்யா எனக்குக் குடுத்த சீதனம்க்கா அது. அவருக்கு அதுல ஒரு குழி நெலங்கூடக் கெடையாது.”

கருப்பணன் பலகையிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

ராமுத்தாய் மரங்களையே பார்த்து நின்றாள். வெயிலில் ஒரு தாய்நாரை சிறகை விரித்துக் கூட்டுக்கு நிழல் பிடித்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மடைக்குள் இறங்கினாள். பலகைக்கு அடியில் நூலாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கை களிமண்ணை அள்ளி, அந்த இடத்தில் அப்பி அழுத்தினாள்.