பழகுகிற விமானம்

மச்சாளின் குசினி யன்னலில் ஒரு குட்டிப் போர்விமானம் நின்றது. கூர்மூக்கு, குட்டைச் சிறகு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முதுகில் மஞ்சள் கடதாசியில் வெட்டிய ஒரு ‘எல்’ போர்ட். ஒலியை முந்திப் பறந்த விமானத்துக்கு எல் போர்ட் ஒட்டிய வீடு ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் வேறு இருந்திருக்காது.

மச்சாள் என் மனைவியின் தமக்கை. யாழ்ப்பாணத்தில் குண்டுவிமான இரைச்சல் கேட்டதும் பங்கர்க் குழிக்குள் ஓடிய காலம் அவரை விட்டுப் போகவில்லை. இங்கே பயணிகள் விமானம் தாழ வந்தாலும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார். ஆக்லாந்துக்கு வந்து இறங்கியவர் மறுபடி விமானமே ஏறவில்லை. அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஜப்பானில் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். பேற்றுக்கு அம்மா பக்கத்தில் வேண்டும் என்றாள். கூடவே, அங்கே மியூசியத்தில் நிற்கும் ஒரு பழைய விமானத்தின் பொம்மையையும் வாங்கி அனுப்பினாள். “இட்ஸ் ஒன்லி எ ட்ரெய்னர், மம். குண்டு போட இல்லை, பைலட்மார் பழகினது” என்றாள் போனில்.

மச்சாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். “பழகிற பிளேனோ? அப்ப நானும் பழகத்தான் வேணும்.” நாங்கள் கார் பழகுவோம், நீச்சல் பழகுவோம், ஆட்களோடும் பழகுவோம். பயத்தோடும் பழகலாம் என்பது எனக்குத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் ஐம்பது தாண்டியும் லேர்னர் லைசன்ஸோடு அலைந்திருப்பேனா?

சனிக்கிழமைகளில் விமான நிலைய வேலியோரம் போனோம். நான் ஓட்ட, சட்டப்படி முழு லைசன்ஸ்காரராக அவர் பக்கத்தில். “தம்பி, ரவுண்டபவுட்டைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறேல்லை. சுத்திப் போறது!” வேலியடிக்கு வந்ததும் அந்த அதிகாரம் அடங்கிவிடும். முதல் நாள் காருக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். பிறகொரு நாள் கதவைத் திறந்தார். ஒரு மழைத்தூறலில் இறங்கி, வேலிக்கம்பியைப் பிடித்தபடி, தலைக்கு மேல் வந்ததை நிமிர்ந்து பார்த்தார். போவோமா என்று கேட்டேன்.

“நில்லும். இன்னும் ஒண்டு வரட்டும்.”

பயண நாளில் நான்தான் ஓட்டிக்கொண்டு போய் இறக்கினேன். திரும்பிப் பாராமல் உள்ளே போனார். பெருமையோடு கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது: என் முழு லைசன்ஸ் விமானம் ஏறிவிட்டது! மனைவி பஸ் பிடித்து வந்து மீட்கும்வரை, சட்டத்துக்குப் பயந்த கனவானாகக் காருக்குள் இருந்தேன். அவருடைய விமானம் என் தலைக்கு மேலாகத்தான் எழும்பியிருக்க வேண்டும்.

பேரனோடு அங்கேயே தங்கிவிட்டார். போன மாதம் மியூசியத்தில் அந்த நிஜ விமானத்தைப் போய்ப் பார்த்தாராம். “பாவம் தம்பி, சத்தம் போட மறந்துபோய் நிக்குது.”

பொம்மை இப்போது கிளென் ஈடனில், எங்கள் யன்னலில். எல் போர்ட்டை அவர் புறப்பட்ட காலையிலேயே உரித்துவிட்டார். முதுகில் கோந்துத் தடம் மட்டும் உண்டு. என் காரில் எல் இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடி டெஸ்ட். தவறினால் என்ன செய்வாய் என்று மனைவி கேட்கிறாள்.

இன்னும் ஒண்டு வரட்டும்.