ஒன்பதாவது கேள்வி

அந்தப் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் வந்தது. என் அக்காள் மகன் இங்கிலாந்தில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தான். மாணவர்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்றே அவன் கல்லூரியில் ஓர் அதிகாரி உண்டு, அவனைப் பற்றி என் நற்சான்று கேட்டு அவர்தான் அனுப்பியிருந்தார். அங்கே போகுமுன் அவன் எட்டு மாதம் தூத்துக்குடியில் எங்கள் கப்பல் ஏஜென்சியில் என்கீழ் வேலை பார்த்தவன். ஆபீஸில் என்னை 'சார்' என்பான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும் 'மாமா' என்பான். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

முந்தின வாரமே அவன் கடிதம் வந்திருந்தது. "இங்கே வேலை முதலில் உள்ளூர்ப் பையன்களுக்குத்தான், மாமா. வெளியூர்க்காரர்களுக்கு இந்த அதிகாரி ஒருவர்தான் ஆதரவு. இருபத்திரண்டு கம்பெனிகளுக்கு எழுதினேன். ஒரு கப்பல் கம்பெனி மட்டும் கூப்பிட்டது. உங்கள் பதில் போய்ச் சேர்ந்தால் வேலை உறுதி. ஐந்து வருஷமாவது இங்கிருந்து தொழில் கற்க ஆசை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்."

ஐந்து வருஷம். என் மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது. அக்காள் மகனுக்குத்தான் அவள் என்பது இரண்டு வீட்டிலும் யாரும் கேள்வி கேட்காத விஷயம். அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா என்னைக் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, எம் மவன் எப்ப வாரானாம்?"

"படிப்பு முடியட்டும்க்கா."

"முடிஞ்சதும் வந்துருவாம்லா? இல்ல, வெலகிப் போன கடல் திரும்பி வரும்னு கொற்கைக்காரன் காத்துக் கெடக்க மாதிரி ஒம் மவ காத்துக் கெடக்கணுமாக்கும்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் படிவத்தை டைப் செய்தேன். வேலைத் திறமை, நேரந்தவறாமை, நாணயம் எல்லாவற்றுக்கும் 'மிகச் சிறப்பு' என்றே போட்டேன். அவன் அதற்குத் தகுந்தவன். விண்ணப்பதாரருக்கும் உமக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கேள்வி. 'முன்னாள் மேலதிகாரி' என்று எழுதினேன். ஒன்பதாவது கேள்வி, இவர் நீண்ட காலம் இந்நாட்டில் தங்கி வேலை செய்வார் என்று கருதுகிறீரா என்பது. கால் மணி நேரம் விசையில் விரல் வைக்காமல் இருந்தேன். பிறகு அடித்தேன்: 'இவருக்கு ஊரில் திருமணம் பேசப்பட்டிருக்கிறது. படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவார் என்று இவர் தாயார் எதிர்பார்க்கிறார்.'

நான் பொய் எழுதுகிறவன் அல்ல. அக்கா சொன்னதைத்தான் எழுதினேன். அவன் சொன்னதை எழுதவில்லை. வழக்கப்படி கார்பன் நகலைக் கோப்பில் வைத்தேன். அன்றைய டைரியில் 'படிவம் அனுப்பியாயிற்று' என்று மட்டும் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அவன் எழுதினான். "நெடுநாள் இருக்கக்கூடிய ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், மாமா. நான் இருக்கமாட்டேன் என்று அவர்கள் ஏன் நினைத்தார்கள் என்றுதான் புரியவில்லை. நீங்கள் சிரமப்பட்டு எழுதியதற்கு நன்றி." அந்த நன்றியை நான் ஒருமுறைதான் படித்தேன்.

வேறு வேலை கிடைக்கவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்ததும் ஊர் திரும்பினான். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேராகக் கரையணையத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் ஏஜென்சியிலேயே, என் எதிர் மேசையில், அவனுக்கு இடம் கிடைத்தது. மறுபடியும் உள்ளே சார், வெளியே மாமா. கல்யாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண், பிள்ளை பெயரைச் சொல்லி, யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்பார் சபைக் குருவான ஐயர். முதல் ஞாயிறு தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாம் ஞாயிறு இருமினேன். மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோப்பிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்த நகலை, கோயில் மதிலோரம் அவனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தான். ஒன்பதாவது இடத்தில் அவன் கண் நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம்." நான் மடித்திருந்த மடிப்பிலேயே அதை மடித்தான். "டைப்பிங்ல ஒரு பிழைகூட இல்ல."

தாளை அவன் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் இலைமுன் சும்மா உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்களை விசாரித்துக்கொண்டே மாலையும் கழுத்துமாக வந்தவன் என் முன்னே நின்றான்.

"சார், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லட்டுமா?"

பக்கத்து இலையில் இருந்த அக்கா சிரித்தாள். "ஏலே, இங்கனயும் ஆபீஸா?"

வீட்டிலும் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்.