ஆலாவின் கால் வளையம்

தனுஷ்கோடி மணல்திட்டில் ஓர் ஆலாக் குஞ்சைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தை அதன் காலில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடற்பறவை ஆய்வில் இது என் அன்றாட வேலை.

"இதெதுக்கு மேடம்?" என்றார் படகோட்டி.

"எங்கயாவது செத்துக் கெடந்தா அடையாளம் தெரியணும்லண்ணே."

சொல்லி வாய் மூடவில்லை, விஸ்வநத்தத்து வீட்டு வாசலில் குத்தவைத்து மெட்டியைக் கழற்றும் அம்மா கண்முன் வந்துவிட்டாள். பட்டாசுக் கம்பெனிக்குள் உலோகம் ஆகாது. உரசினால் பொறி பறக்கும். கழற்றியதைப் பவுடர் டப்பா மூடியில் போட்டுவிட்டு தினமும் சொல்வாள்: "ஏ புள்ள, எடுத்து வெளாண்டு தொலச்சிராத. சாயங்காலம் வந்து போட்டுக்கிடுறேன்."

ஒருநாள் மத்தியானம் வீட்டுச் சுவர் அதிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் அப்பாவிடம், "மொகத்தப் பாக்காதீக. கால்ல மெட்டி கிட்டி இருக்கான்னு பாருங்க" என்றார். அப்பா ஒவ்வொரு துணியாக விலக்கினார். நான் அவர் வேட்டியைப் பிடித்தபடி பார்த்தேன். ஒரு காலிலும் மெட்டி இல்லை. எல்லாருமே வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள்.

குஞ்சு என் விரலைக் கொத்தியது.

"விட்டுருங்க மேடம், தாய் சுத்துது பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றிய அந்தப் பறவையின் காலில் வளையம் இல்லை.