தேவாலய மேடையில் ஒரு நன்றியுரைக்காரன்

நன்றியுரை தொடங்கியதும் எழுந்து செருப்பைத் தேடலாம் என்று இந்த நாட்டில் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். உண்மையில், ஒரு கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் வாயைத் திறக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே கட்டம் நன்றியுரைதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கூட்டங்கள் வீணாயின. தலைவர் வருகைக்காக பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து இடுப்பு பிடித்துக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காக.

மாட்டிக்கொண்ட விதம்

ஹைதராபாத் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்த வீட்டுக்காரர் சிக்கந்தராபாத்தில் ஒரு தமிழ்ச் சபைக்குப் பாஸ்டர். அவருடைய சபைக்கு ஒரு கவலை இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வாசலில், பஸ் ஸ்டாப்பில், நடைபாதையில் வாரக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்களுக்குத் தினமும் உப்புமா கொண்டுபோகிறவர் ஸ்டெல்லா அக்கா. ஓய்வு பெற்ற நர்ஸ். எதிர்ச்சாரியில் ஒரு சமுதாயக் கூடம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மழைக்கு முன் அதைத் திறந்துவிட்டால் அத்தனை பேரும் கூரைக்குள் வந்துவிடலாம்.

மனு எழுதி அலுத்துப்போய், ‘மனிதநேய ஞாயிறு’ என்று மாதம் ஒரு கூட்டம் வைத்து அரசியல்வாதிகளைப் பேச அழைப்பது என்று சபையில் முடிவானது. நன்றி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. “பெருமாள் கோயிலுக்குப் போகிறவனை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்க ஆளுங்க நன்றி சொல்ல ஆரம்பிச்சா அது ஜெபமாயிடும் சார். அப்புறம் அரை மணி நேரத்துக்கு யாரும் கண்ணைத் திறக்க முடியாது” என்றார் பாஸ்டர்.

முதல் விருந்தினர்

எங்கள் வார்டு மாநகராட்சி உறுப்பினரான கார்ப்பொரேட்டர் இரண்டரை மணி நேரம் தாமதம். அதுவரை கூட்டத்தைக் கட்டிப்போட்ட பாடகர் குழு, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி கிறிஸ்துமஸ் பாட்டுகள் வரை வந்துவிட்டது. அப்போது ஏப்ரல் மாதம். ‘பசியும் மனிதநேயமும்’ என்ற தலைப்பில் கார்ப்பொரேட்டர் தான் போட்ட சிமென்ட் ரோடுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கூடத்தைப் பற்றி ஸ்டெல்லா அக்கா கேட்டதும், “தப்பகுண்டா!” என்றார். தெலுங்கில் ‘கண்டிப்பாக’ என்று பொருள். காபிக்கு சர்க்கரை வேண்டுமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

காபி குடித்தபடி, சபையில் எத்தனை ஓட்டு என்று பாஸ்டரிடம் மெதுவாக விசாரித்தார். பாஸ்டருக்குப் பொய் வராது. முக்கால்வாசிப் பேர் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு பக்கம் குடிபோய்விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே வருகிறார்கள், ஓட்டும் அங்கேதான் என்று விளக்கமாகச் சொன்னார்.

கார்ப்பொரேட்டர் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ குகட்பள்ளி கார்ப்பொரேட்டரையே கூப்பிட்டிருக்கலாமே?”

முன்னாள் அமைச்சர்

இவர் நேரத்துக்கு வந்தார். பதவியில் இல்லாதவர்கள் நேரத்துக்கு வருவார்கள். எங்கோ தூர தேசத்தில் போரில் வீடிழந்து கூடாரங்களில் வாழும் மக்களைப் பற்றிப் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பேச்சு! முன்வரிசை விசும்பியது, பாடகர் குழுவில் ஆர்மோனியக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்குட்டை எடுத்துவர மறந்த நான் நன்றியுரைக் காகிதத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

பேசி முடித்து இறங்கியவரை ஸ்டெல்லா அக்கா படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார். நம் தெருவிலேயே கூடாரமும் இல்லாமல் ஆட்கள் கிடக்கிறார்களே, ஒரு கூடத்தைத் திறக்க வழி செய்யக்கூடாதா என்று கேட்டார். ஆட்சியில் இல்லையே அம்மா என்று அவர் கையை விரித்தார். “இருந்தப்போ செஞ்சிருக்கலாமே அண்ணா?” என்று அக்கா விடவில்லை.

முன்னாள் அமைச்சர் மிகவும் நேர்மையாகப் பதில் சொன்னார்: “அப்போ எனக்கு நேரமே இல்லம்மா.”

எம்.எல்.ஏ.

ஜூன் பிறந்தது, மழை கொட்டியது. ஆதிலாபாத் பக்கத்திலிருந்து வந்த எல்லம்மா என்ற பெண், கணவரைச் சிறுநீரக வார்டில் சேர்த்துவிட்டு மூன்று வாரமாக பஸ் ஸ்டாப்பில் இருந்தாள். நனைந்து நனைந்து காய்ச்சல் கண்டுவிட்டது. தானும் படுத்துவிட்டால் அவருக்கு யார் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள் என்று அக்காவிடம் அழுதிருக்கிறாள். கூட்டத்துக்கு முன் அக்கா என்னிடம் வந்தார். “நக்கோ சார், வேணாம், இன்னொரு தடவை பொன்னாடை போர்த்தி அனுப்புற வேலையே நக்கோ. ஏதாவது செய்ங்க.”

எம்.எல்.ஏ. அருமையாகப் பேசினார். கருணை, கடல், வானம் எல்லாம் வந்தன; கூடம் மட்டும் வரவில்லை. அவருடைய உதவியாளர், பி.ஏ., பக்கத்து நாற்காலியில் போனுக்குள் மூழ்கியிருந்தார். என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். தமிழில் ஆரம்பித்துத் தெளிவான தெலுங்கில் முடித்தேன்: “வரும் திங்கட்கிழமை சமுதாயக் கூடத்தைத் திறந்து கொடுக்கப்போகும் எம்.எல்.ஏ. அவர்களுக்கு நம் உளமார்ந்த நன்றி!”

 கைதட்டல் கூரையைத் தூக்கியது. பாடகர் குழு யாரும் கேட்காமலேயே துதிப் பாட்டை எடுத்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். இளைஞர்கள் வீடியோ எடுத்தார்கள். கிழவிகள் வரிசையில் வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிரிப்பு மாறாமல் எம்.எல்.ஏ. பி.ஏ. பக்கம் சாய்ந்து, “நான் எப்போ சொன்னேன்?” என்று கேட்டது மேடையில் இருந்த எனக்குக் கேட்டது.

அரை மணி நேரமாக ஒரு வார்த்தையும் காதில் வாங்காத பி.ஏ. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “சொல்லியிருப்பீங்கண்ணா.”

பாஸ்டரின் சங்கடம்

வீடு திரும்பும்போது பாஸ்டர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தெரு முனையில், “பொய் சொல்லிட்டீங்களே சார்” என்றார். பொய் இல்லை, நன்றி மட்டும்தான் சொன்னேன், அதிலும் எதிர்காலத்தில், என்றேன். கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக நம்பி நன்றி சொல்ல வேண்டும் என்று அவரே போன மாதம் பிரசங்கம் செய்ததையும் நினைவுபடுத்தினேன்.

“அது ஆண்டவருக்குச் சொல்றது சார். அவர் பி.ஏ.வைக் கேட்க மாட்டார்” என்றார்.

திங்கட்கிழமை

பத்து மணிக்கு நாங்கள் மூவரும், மூட்டை முடிச்சுகளோடு நாற்பது பேரும் கூடத்து வாசலில் நின்றோம். பதினொன்றுக்கு ஒரு ஜீப் வந்தது, ஆர்ப்பரித்தோம். கொசு மருந்து அடிக்கிற ஜீப். பன்னிரண்டு அடித்தது. எல்லம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் ஓர் ஊழியர் சாவிக்கொத்தோடு வந்தார். சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டார், பூட்டைத் திட்டினார், கடைசியில் பக்கத்து பஞ்சர் கடையில் சுத்தியல் வாங்கி வந்தார். பூட்டு விழுந்ததும் பாஸ்டர் “அல்லேலூயா!” என்று கத்தினார். நானும் கத்தியதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள்.

அக்கா எல்லம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்குக் கீழே பாயை விரித்தார். அவள் படுக்கவில்லை. “எப்போ காலி பண்ணச் சொல்லுவாங்க அக்கா?” என்று கேட்டாள்.

“உன் வீட்டுக்காரர் நடந்து வெளியே வர்ற அன்னிக்கு. படு” என்றார் ஸ்டெல்லா அக்கா.

இப்போது கூடத்து வாசலில் எம்.எல்.ஏ. படத்தோடு ஒரு பெரிய பேனர் தொங்குகிறது. அடுத்த மனிதநேய ஞாயிறுக்கு அவரை அழைத்தபோது, வருவதாக ஒப்புக்கொண்ட அவர் அலுவலகம், நன்றியுரையை மட்டும் இரண்டு நாள் முன்னதாக எழுத்தில் அனுப்பிவைக்கும்படி கேட்டது.