டார்சி வண்டியை நிறுத்திய இடங்கள்

டார்சி பென்ஹால் எங்கள் மெட்டல் இசைக்குழுவின் டிரம்மர். வயாலா எஃகு ஆலையில் ஷிஃப்ட் முடிந்ததும் கரி முகத்தோடு நேரே நாங்கள் பயிற்சி செய்யும் ஷெட்டுக்கு வந்துவிடுவான். அவன் இரண்டு காலும் டிரம் பெடலில் இறங்கினால் தகரக் கூரையிலிருந்து துரு கொட்டும். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்து வரை பச்சை குத்தியவன். இந்த உடம்புக்குள் இப்படி ஒரு மனசா என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

சாலையோரம் கங்காரு அடிபட்டுக் கிடந்தால் அவனால் தாண்டிப் போக முடியாது. இறங்கிப் போய், வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் மற்றவர்களுக்கு அவசரம் என்று ஒன்று இருக்கும், இவனுக்குக் கிடையாது. ஒருமுறை போர்ட் பிரி ஊரில் வாசிக்க வேண்டிய பாருக்கு இவனால் நாற்பது நிமிடம் தாமதமாகப் போய் நின்றோம். மேடை ஏற்றாமலே திருப்பி அனுப்பினார்கள்.

அதனால் அடிலெய்டு இசை விழாவுக்குக் கிளம்புமுன், வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்று கிட்டார் வாசித்துப் பாடும் ப்ரான்டே அவனிடம் சத்தியம் வாங்கினாள். அவனும் பெண்கள் நாங்கள் இருவரும், மூவரே குழு. நான் பாஸ் கிட்டார். ஆறு வருடம் ஷெட்டில் கத்தியதற்குக் கிடைத்த முதல் பெரிய மேடை அது. பகல் இரண்டு மணிக்கு இருபத்தைந்து நிமிடம். எங்களைப் பார்க்கவே மெல்பனிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரி வருகிறாள்.

மூன்று கங்காருகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். நான்காவதில் பிரேக் போட்டான். ப்ரான்டே வாயில் வந்தபடி திட்டினாள், நானும் சேர்ந்துகொண்டேன். திரும்பி வந்தவனின் சட்டைக்குள் குட்டி நெளிந்தது.

காட்டு விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணிக்கு வழியிலேயே போன் போட்டோம். வெதுவெதுப்பாக, இருட்டாக, சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார். சத்தம் கேட்டால் பயத்திலேயே இதயம் நின்றுவிடுமாம். விழாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கால்பந்து மைதானத்துக்கு இரண்டரை மணிக்கு வருவதாகச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். மேடையில் வேறொரு குழு காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தது. சாமான்களை இறக்கியதும் டார்சி வண்டிச் சாவியை எடுத்தான்.

"திட்டுறதுன்னா திட்டிக்குங்க. நான் இத அங்க கொண்டு போறேன்," என்றான். அந்த மேடைக்கு அவனைவிட ஏங்கியவர் யாருமில்லை என்பது எனக்குத் தெரியும்.

ப்ரான்டே அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன்.

"குடுறா இங்க," என்றேன். "நீ இல்லன்னா மேடையே இல்ல. பாஸ் இல்லன்னா எவனுக்குத் தெரியப்போவுது?"

மைதானத்தில் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். காற்று அவன் பெடல் சத்தத்தை லேசாகக் கொண்டுவந்தது. என் ஜாக்கெட்டால் குட்டியைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் நான் நுழைய வேண்டிய இடம் வந்தது, வெறுமையாகப் போனது. வெட்கமில்லாமல் அழுதேன். குட்டியின் நெஞ்சு மட்டும் என் விலா எலும்பில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டே பேர் போட்ட சத்தத்தில் கம்பெனிக்காரி சொக்கிப்போனாள். மூன்றாவது ஆள் வெளியே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ப்ரான்டே சொன்னாளாம். ஒப்பந்தத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். குட்டியும் பிழைத்தது.

அடுத்த வருடம் ஜெர்மனியில் முதல் சுற்றுப்பயணம். ஒரு காட்டுச் சாலையில் ஏதோ அடிபட்டுக் கிடந்தது. டார்சி பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தச் சொன்னது நான். ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி, மண்டியிட்டு, வயிற்றடியில் பையைத் தேடித் தடவிய பிறகுதான் உறைத்தது, அது மான்.