கை தூக்கினால்தான் ரோல்ஸ்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. மிச்ச மூன்றும் சிசிலியில் நான் வேலை செய்த வீட்டு எசமானிகளின், இங்கத்தைய சொல்லில் சிஞ்ஞோராக்களின் பிள்ளைகள். மூக்கு நான் துடைத்துவிட, முத்தம் தாய்மாருக்குப் போய்விடும். அது போகட்டும். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள். ஆனாலும் ஒரு சபையையே எழும்பவிடாமல் கதிரையில் இருத்திவைத்தவள் நான். படித்தவர்கள் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கிறது?

இன்று காலை 'உமிதோ' நாள். ஈரக் குப்பையை எடுக்கிற நாளுக்கு இங்கே அப்படிப் பெயர். முட்டைக்கோது, மீன் தலை, பழத்தோல் எல்லாம் அன்றைக்கு. மற்றது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிற குப்பைக் கலண்டருக்கு, அந்தோனியாருக்குப் பயப்படுவதைவிட அதிகமாய்ப் பயப்படுகிறேன். நேற்றுச் சமைத்த மத்தி மீனின் தலைகளைக் கட்டிக்கொண்டு படியிறங்கினால், கொஞ்செத்தா இருந்த அறை வாசலில் அரைக் காற்சட்டையோடு ஒரு வெள்ளைப் பெடியன். கையில் ஒரு பை. போத்தல், பீட்சாப் பெட்டி, தர்ப்பூசணிக் கோது எல்லாம் ஒன்றாய்த் திணித்து ஒழுகுகிறது. எங்கே போடுவது என்று சைகையால் கேட்கிறான்.

"தம்பி, இருபது வருஷம் முந்தி வந்திருந்தா ஜன்னலாலை எறிஞ்சிருக்கலாம்" என்று தமிழில் சொன்னேன். சிரித்து, தலையாட்டி, நன்றி சொன்னான். நல்ல வளர்ப்பு.

என் கையிலிருந்த மீன் தலையும் அவன் பையிலிருந்த தர்ப்பூசணியும் வெயிலில் சேர்ந்து ஒரு மணம் எழும்பியது. எங்கள் வட்டாரமான அல்பெர்கேரியாவின் பழைய மணம். எங்கள் சந்து முனையில் முன்னர் பெரிய இரும்புத் தொட்டிகள் நிற்கும். மூடி எப்போதும் திறந்தபடி, வயிறு முட்டி, பக்கத்திலும் குவிந்து. நாற்றம் என்று இன்றைக்குச் சொல்வார்கள். எனக்கு அது தளபாடக் கடை. நம்பமாட்டீர்கள், என் வீட்டுக் கதிரைகள் நாலும் அந்தத் தொட்டியடியில் எடுத்தவை. நாலும் நாலு உயரம். மூத்த மகன் படித்த மேசையும், கடைசி மகன் படுத்த தொட்டிலும் அங்கிருந்துதான். இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. உடையாத சாமானைத் தொட்டிக்குள் போடமாட்டார்கள், துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுப்பவர் வெட்கப்படக்கூடாது என்று அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். கொஞ்செத்தா மட்டும் பார்ப்பாள். பார்த்து, "அந்தக் கதிரையிலை ஒரு கால் சொத்தி, விடு, நாளைக்கு நல்லது வரும்" என்று தன் வாசலிலிருந்து கத்துவாள்.

கொஞ்செத்தா ஆரென்று சொல்லவில்லையே. எங்கள் படிக்குக் கீழே, நிலத்தோடு ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்த கைம்பெண். என்னைவிட நாலைந்து வயது கூட, வாய் பத்து மடங்கு கூட. என் கடைசி மகனுக்கு ஞானஸ்நானத் தாய் அவள்தான். அதனால் நான் அவளுக்கு 'கும்மாரி', அவள் எனக்குக் 'கும்மாரி'. பிள்ளையால் வந்த உறவுக்கு இந்தத் தீவில் அப்படித்தான் அழைப்பு. அவள் கதைத்தது சிசிலிப் பாஷை. நான் திரும்பிக் கதைத்தது எந்தப் பாஷையென்று எனக்கே தெரியாது. சண்டைக்கு ஒருநாளும் குறைவு வந்ததில்லை.

ஒரு வசந்த காலத்தில் செய்தி வந்தது. குப்பைக்குப் புது விதி. மூன்று சந்துத் தொட்டிகளையும் ஒரே இடத்தில் வைக்கப் போகிறார்களாம். அந்த ஒரே இடம், கொஞ்செத்தாவின் சுவர். அவளுக்கு ஒரு வாசல், ஒரு ஜன்னல், இரண்டும் ஒரே பக்கம். வரிசையாய் வைக்கும் தொட்டிகள் சரியாய் அந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

"கும்மாரி, உன்ரை மூக்குக்குக் கீழை குப்பைத்தொட்டியை வைச்சா நீ எதாலை மூச்சு விடுவாய்?" என்றாள்.

"வாயாலை. உனக்கு அது எப்பவும் திறந்துதானே கிடக்குது."

சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவள் பயந்துவிட்டாள்.

பின்பக்கம் ஒரு வெறும் வளவு கிடந்தது. பழைய உலக யுத்தத்தில் குண்டு விழுந்த வீட்டின் மிச்சம். உள்ளே ஓர் அத்திமரம், சக்கரமில்லாத கார் ஒன்று, பூனைகள். தொட்டிகளை அங்கே வைக்கலாமே என்று சந்து முழுக்கக் கேட்டது. முடியாதாம். நகரத்து வரைபடத்தில் அந்த வளவுக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறார்களாம். பூங்காவாம். நாங்கள் போய்ப் பார்த்தோம். பூங்காவில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பச்சையைச் சாம்பல் நிறமாக மாற்றினால் தொட்டி வைக்கலாம். மாற்றுவதற்கு வட்டாரச் சபை கை தூக்க வேண்டும். ஆகஸ்ட் பிறந்தால் ஊரே மொண்டெல்லோக் கடலுக்குப் போய்விடும், சபையும் நீந்தப் போய்விடும். அதற்கு முன் கை தூக்காவிட்டால் லொறி வந்து கொஞ்செத்தாவின் சுவரோடு தொட்டிகளை இறக்கும். விஷயம் இவ்வளவுதான்.

சபை என்றதும் எனக்கு நான் பிறந்த ஊரான பேசாலையின் கிராமச்சங்கம் ஞாபகம் வந்தது. கடற்கரையில் மீன் குடல் கொட்டுகிற இடத்தை எங்கே வைப்பது என்று ஒரு வருஷம் முழுக்கக் கூட்டம் போட்டார்கள். என் ஐயாவும் போவார். போகும்போது கோபமாய்ப் போவார், வரும்போது கள்ளு மணத்தோடு சமாதானமாய் வருவார். கடைசியில் எந்தச் சுவரோடு கொட்டினார்கள் தெரியுமா? கூட்டத்துக்கு வராதவர் வீட்டுச் சுவரோடு. அந்தப் பாடம் ஒன்று போதும் என்று கொஞ்செத்தாவை இழுத்துக்கொண்டு சபைக்குப் போனேன்.

அரைநாள் லீவு கேட்டபோது என் சிஞ்ஞோரா புருவத்தைத் தூக்கினார். "நீ எப்ப அரசியலுக்கு வந்தனீ?"

"உங்கடை வீட்டுக் குப்பையை இத்தனை வருஷமாய்க் காவுறன் சிஞ்ஞோரா. எனக்குத் தெரியாத அரசியலோ?"

சபை கூடியது ஒரு பழைய கன்னியர் மடத்து மண்டபத்தில். மேலே கூரையில் சித்திரமாய்ச் சம்மனசுகள், சிறகு வைத்த தேவதூதர்கள், பறக்கும். ஒன்றுக்கு மூக்கு உதிர்ந்துபோயிருந்தது. தலைவர் ஒரு சின்ன மணி வைத்திருந்தார். பெயர் கூப்பிடும்போது எல்லோரும் உண்டு. பிறகு ஒருவருக்குப் போன் வரும், ஒருவருக்குப் பல்வலி வரும், ஒருவர் கீழே பாருக்குக் கோப்பி குடிக்கப் போவார். எங்கள் வளவின் முறை வரும்போது மேலே பறக்கிறவர்கள்தான் கூட. தலைவர் தலைகளை எண்ணுவார், ஆள் போதாது, மணியை அடிப்பார், "ரின்வியாத்தோ" என்பார். ஒத்திவைத்தாயிற்று என்று அர்த்தம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் நின்ற காலத்திலேயே எனக்குப் பாடமான சொல். ஒவ்வொரு முறையும் அதே சொல். ஒருமுறை நேரில் பார்க்க வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வளவைப் பார்த்தார்கள், தோடம்பழத் தோலில் ஒருவருக்குச் சறுக்கியது. குப்பைக்கு ஒரு கமிட்டி, காணிக்கு ஒரு கமிட்டி, இரண்டு கமிட்டியும் சந்திக்கிறதுக்கு நாள் குறிக்க இன்னொன்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெயில் ஏறிக்கொண்டு வந்தது. கொஞ்செத்தா ஜன்னல் சீலையைக் கழற்றித் தோய்த்தாள். "கடைசியா ஒருக்காத் திறந்து வைக்கிறன்" என்றாள்.

அது மே, மாதாவின் வணக்கமாதம். எங்கள் தமிழ்ச்சனம் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டில் செபமாலை சொல்லுவோம். அன்றைக்கு எங்கள் வீடு. காலையிலேயே மீனும் கிழங்கும் வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரித்துவிட்டேன். அடுப்படியில் நிற்கும்போது ஒரு யோசனை. இத்தனை தரம் அந்தச் சபைக்குப் போய்விட்டோம், ஒருதரமாவது கையில் ஏதாவது கொண்டுபோனோமா? வெறுங்கையோடு ஒரு வாசலில் போய் நிற்பது என்ன பழக்கம்? ஒரு பெரிய தட்டத்தில் அடுக்கி, வெள்ளைத்துணியால் மூடி, கொஞ்செத்தா ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாய்த் தூக்கிக்கொண்டு போனோம்.

மண்டபத்தில் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மீனும் கறிவேப்பிலையும் பொரிந்த மணம் மெதுவாய்ச் சம்மனசுகள் வரைக்கும் போயிற்று. பல்லாரோச் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர், கார்த்திறப்பும் கையுமாய் வாசல்வரை போனவர், அப்படியே திரும்பினார்.

"இது என்ன, அரஞ்சீனாவோ?"

"அரஞ்சீனாவின்ரை மச்சாள்" என்றேன். அரஞ்சீனா இவர்களுடைய பொரித்த சோற்று உருண்டை.

துணிக்குள் கையை விட்டார். ஒரு தட்டுத் தட்டினேன், என் பிள்ளைகளுக்குத் தட்டுகிற மாதிரியே. "முடியட்டும். முடிஞ்சாப்பிறகுதான் திறக்கிறது."

சத்தியமாய்ச் சொல்கிறேன், நான் தந்திரம் ஒன்றும் பண்ணவில்லை. எங்கள் செபமாலையில் கடைசிச் செபம் முடியாமல் சாப்பாட்டுத் துணியை எடுப்பதில்லை. எந்தப் பெரிய மனிசனானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். சபையும் எனக்கு அப்படித்தான். ஆனால் அவர்கள் அதைப் பெரிய ராஜதந்திரம் என்று நினைத்தார்கள். நான் ஏன் மறுக்க வேண்டும்?

தலைவர் என்னைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், மணியை அடித்தார். எங்கள் வளவு முதலாவதாய் வந்தது. இறைச்சிக்கடைக்காரர் பாருக்குப் போனவர்களைப் போனில் கூப்பிட்டார். "கெதியா வாங்கோ, ஆறப்போகுது!" பல்வலிக்காரரும் வந்துவிட்டார்.

வாசனைத்தைலம் பூசிய உறுப்பினர் சிஞ்ஞோரா ஒருவர் மட்டும் எழும்பி, "வாக்குக்குச் சாப்பாடு குடுக்கிறது சட்டத்துக்குச் சரியோ?" என்றார்.

கொஞ்செத்தா பாய்ந்தாள். "ஓம் எண்டு தூக்கினாலும் ரோல்ஸ் உண்டு, இல்லையெண்டு தூக்கினாலும் உண்டு. கதிரையை விட்டு எழும்பிறவைக்குத்தான் இல்லை!"

அந்த சிஞ்ஞோரா இருந்துவிட்டார்.

ஆராவது கதைக்க விருப்பமா என்று தலைவர் கேட்டார். நான் எழும்பினேன். "இவளுக்கு ஒரு வாசல், ஒரு ஜன்னல். நீங்கள் வைக்கிற தொட்டி ரெண்டுக்கும் நடுவிலை. நாளைக்கு இவளைப் பெட்டியிலை வைச்சுக் கொண்டுபோறதெண்டாலும் முதல்லை உங்கடை தொட்டியைத் தள்ளவேணும்" என்றேன். எனக்குப் பின்னால் கொஞ்செத்தா இரண்டு விரலைக் கொம்பாக்கி நிலத்தைக் காட்டினாள். சாவைப் பற்றிக் கதைத்தால் இவர்கள் அப்படித்தான் விரட்டுவார்கள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு கைகள் எழும்பின. இறைச்சிக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்டு காணும்" என்றார் தலைவர். வாசனைத்தைல சிஞ்ஞோராவும் தூக்கினார். கொஞ்செத்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு துணியை உருவினாள். பின்னேரம் என் வீட்டுச் செபமாலைக்கு வந்த சனத்துக்கு வெறும் பிளேன்ரீ.

தொட்டிகள் வளவுக்குப் போயின. வரைபடத்தில் பச்சை போயிற்று, அத்திமரம் பச்சையாகவே நின்றது. கொஞ்செத்தா வாசலில் ஒரு பூச்சட்டி வைத்தாள், இரண்டு கதிரை போட்டாள், தொட்டியடியில் எடுத்த கதிரைதான். பின்னேரங்களில் இருவரும் இருந்து போவார் வருவாரையெல்லாம் நையாண்டி பண்ணினோம். அப்படிக் கொஞ்ச வருஷம்.

பிறகு ஒருநாள் அவளுடைய அறையின் சொந்தக்காரன் வந்தான். வாடகைக்குக்கூட ஆளை அனுப்புகிறவன். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தான், பூவை மணந்தான். "இந்த மூலை நல்லா வந்திட்டுது" என்றான். அவ்வளவுதான். அடுத்த குளிருக்கு முன் அறையை விடச் சொல்லிவிட்டான், கொஞ்செத்தா பக்கத்து ஊர் பகேரியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மாடி வீடு. வாசலைத் திறந்தால் லிப்ட் கதவு. ஆரை நையாண்டி பண்ணுவது?

இப்போது அவளுடைய அறைக்கு நம்பர் அமுக்கித் திறக்கிற ஒரு சாவிப்பெட்டி, இரண்டு நாளைக்கொரு டூரிஸ்ட். இரும்புத் தொட்டிகளும் போயின, வாசல் வாசலாய் வந்து எடுக்கிறார்கள். வளவில் குடை விரித்து மேசை போட்டிருக்கிறார்கள், அத்திமரத்தில் லைட் தொங்குகிறது. ஒருவரும் ஒரு கதிரையைத் துடைத்து வெளியே வைப்பதில்லை. பெரிய சாமான் கழிக்கப் போன் பண்ணி நாள் எடுக்க வேண்டும். சபைகூடச் சில நாள் கம்ப்யூட்டருக்குள்தான் கூடுகிறதாம். அதற்குள் ரோல்ஸ் மணம் எப்படிப் போகும்?

காலையில் அந்தப் பெடியனின் பையை வாங்கி, பிரித்து வைத்துவிட்டு வந்து, கொஞ்செத்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பாத்தியே கும்மாரி" என்றாள். "அண்டைக்கு நீ ரோல்ஸ் பொரிக்காமல் படுத்திருந்தா, நான் இப்பவும் உன்ரை படிக்குக் கீழைதான் இருந்திருப்பன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலை எந்த டூரிஸ்ட் வந்து படுப்பான்?"

நான் ஜன்னலால் கீழே அந்தச் சாவிப்பெட்டியை எட்டிப் பார்த்தேன்.

"செத்துப்போனியோ?" என்று அவளே கத்தினாள். "ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வா. ரோல்ஸை மூடிக் கொண்டுவா, வழியிலை தின்னாதை."

அதுதான் இன்றைக்கே பொரித்துப் பார்க்கிறேன், கை பழசாகவில்லையா என்று.

ஜூலியா, இஞ்சை அப்பம்மாட்டை வா பிள்ளை. போனைக் கீழை வை. கோயில் தமிழ் வகுப்பிலை படிச்சதை இப்பக் காட்டு, நான் எழுதின இதை முதல்லை இருந்து வாசி பாப்பம். கொஞ்செத்தா வாற இடத்திலை கெதியாப் போகாதை. தட்டத்தை ஏன் பாக்கிறாய்? கையை எடு. முடியட்டும், முடிஞ்சாப்பிறகுதான் திறக்கிறது.